வெர்ல் கட்டிய கம்பி

வெர்ல் ஸ்ட்ரூப்புக்கு வாய் பேசுவதற்கு முன் கை பேசிவிடும். அலெகெனி ஆற்றங்கரையில் ரயில் போட நிலம் விட்டவர் அவனுடைய தாத்தா. ரயில் நின்று, தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனதும் நிலம் தன் வீட்டுக்கே திரும்பிவிட்டதென்று நினைத்தான். ஆற்றோரத்தில் அப்படி நினைத்து ஏமாந்தவன் அவன் ஒருவன் மட்டுமல்ல. நிலம் திரும்பாது, அங்கே சைக்கிள் பாதைதான் வரும் என்று நீதிமன்றம் சொன்னதும் மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அடங்கினார்கள். இவன் நிலம் அளக்க வந்தவனின் தாடையைப் பெயர்த்தான். தார் போட வந்த வண்டியின் டயர்களைச் சுட்டான். இரண்டு முறை சிறைக்குப் போய் வந்தான்.

வெளியே அடிக்க ஆள் சிக்காத நாட்களில் வீட்டுக்குள் மனைவி நாடீன் இருந்தாள். முப்பது வருஷம் அடி வாங்கிக்கொண்டவள், ஒருநாள் உடைந்த பல்லோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நல்ல காரியம்தான், எப்போதோ செய்திருக்க வேண்டும்.

பாதை அழகாகவே அமைந்தது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மலைச்சரிவு, நடுவே வழவழவென்று தார். சனிக்கிழமையானால் பிட்ஸ்பர்கிலிருந்து சைக்கிள்காரர்கள் இறுக்கமான கால்சட்டையில் வந்து, சரிவின் மேலிருக்கும் அவன் வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கையசைப்பார்கள். அந்தக் கையசைப்பில்தான் அவனுக்கு வயிறு எரியும். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை விடிந்ததும், இரண்டு மரங்களுக்கு இடையே வேலிக் கம்பியை இழுத்துக் கட்டினான், சைக்கிளில் வருபவனின் கழுத்து உயரத்துக்கு. பிறகு வீட்டுக்குப் போய், பன்றி இறைச்சியை வறுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு, எவன் விழுகிறான் என்று பார்க்க ஜன்னலருகே உட்கார்ந்தான்.

வளைவில் சிவப்பு சைக்கிள் ஒன்று வந்தது. நாடீன். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதே அவனுக்குத் தெரியாது. ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தாள். தட்டைப் போட்டுவிட்டு ஓடினான்.

"ஏய் நாடீன், நில்லு. நில்லுடி."

இத்தனை வருஷமும் அந்தக் குரலுக்குப் பின்னால் வந்தது அடிதான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருக்கையை விட்டு எழும்பி நின்று, கம்பியை நோக்கி மூச்சைப் பிடித்து மிதித்தாள். அவன் கூப்பிடக் கூப்பிட வேகம் கூடியது.

வெர்ல் கத்துவதை விட்டான். சரிவில் விழுந்து புரண்டு இறங்கி, கம்பிக்குச் சற்று முன்னால் அவள்மேல் பாய்ந்தான். இருவரும் சைக்கிளோடு தாரில் விழுந்தார்கள். அவள் கை எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

பின்னால் வந்த தடியன் ஒருவன் சைக்கிளை எறிந்துவிட்டு ஓடி வந்தான்.

"பொம்பளையவா அடிக்கிற, நாயே?"

முதல் குத்தில் மூக்கு உடைந்தது. அடுத்தது விலாவில் இறங்கியது. வெர்ல் திருப்பி அடிக்கவில்லை. வாயெல்லாம் ரத்தத்தோடு மேலே கைகாட்டினான்.

"அங்க கம்பி இருக்கு பாரு. நான்தான் கட்டுனேன்."

தடியன் பார்த்தான். தன் கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டான். பிறகு முன்னைவிட வெறியோடு உதைத்தான்.

"போதும் தம்பி, போலீசக் கூப்பிடு" என்றாள் நாடீன். முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு கம்பியையே பார்த்தாள்.

"நீ வருவேன்னு எனக்குத் தெரியாதுடி."

"வேற யாரு கழுத்தாவது போயிருந்தா பரவால்லியா?"

அவன் மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான்.

"முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் எனக்கு ஒரு நல்லது செஞ்சிருக்க, வெர்ல். அதுக்கும் என் கைய உடைக்க வேண்டியிருக்கு உனக்கு."