ஹாஷிம் நானாவின் ரோஸ் ஐசிங்

வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் பேக்கரி வைத்திருக்கும் ஹாஷிம் நானாவைப் பொறுத்தவரை, கொழும்பில் பேக்கரி வேலை தெரிந்த ஆள் ஒருவர்தான். அது அவர். பெரிய சாலையான காலி வீதியின் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்கும் கேக்குகளைக் கண்டால், "பெயின்ட் அடிச்சி வெச்சீக்கானுவள்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். போனைப் பார்த்துக் கேக் செய்கிறவர்களைப் பற்றி அவர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

அப்பேர்ப்பட்டவருக்குச் சம்மந்தியாக வாய்த்தவள், பொரளையில் வீட்டிலேயே கேக் வகுப்பு நடத்தும் ஜவாஹிறா. மகள் பஹ்மாவின் கலியாணத்துக்கு இவர் செய்த கேக்கில் ஒரு துண்டை வாயில் போட்டு, "பரவால்ல, கொஞ்சம் காஞ்சி பெய்த்து" என்று நாலு பேர் முன்னால் சொன்னவள். அதோடு விட்டாளா? வகுப்புக்கு வருகிறவர்களிடமும் அந்தக் கேக்கின் கதையைச் சொல்லிச் சிரிக்கிறாள் என்று பஹ்மா போனில் அழுதாள். தாயில்லாத பிள்ளை. அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் இருந்தது.

கலியாணத்துக்குப் பிறகு முதல் நோன்பு வந்தது. நோன்பு திறக்க மாப்பிள்ளை வீட்டுக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டும். கஞ்சியும் கட்லட்டும் எவனும் அனுப்புவான். ஹாஷிம் நானா பணிஸ் என்கிற பன்னுக்கு ரோஸ் ஐசிங் பூசி அனுப்ப முடிவெடுத்தார். பலூடா சிரப்பை ஊற்றிவிட்டு ரோஸ் என்று விற்கும் வேலை அவரிடம் இல்லை. நல்ல பன்னீரைத் தாச்சியில் வற்றவைத்து, அரித்த ஐசிங் சீனியில் விட்டுக் குழைத்தார். வற்றும்போது வாசமும் பறந்துவிட்டது. எசன்ஸ் போத்தலைத் திறந்தார்.

காலையிலிருந்து பன்னீர் வாசம் நிறைந்த அறைக்குள்ளேயே நின்ற மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. மணம் காணாது என்று சொட்டினார். இன்னும் காணாது என்று மறுபடி சொட்டினார்.

கடையில் பணிஸ் கட்டிக் கொடுக்கும் மேனகா எட்டிப் பார்த்தாள். ஹட்டன் பக்கத்துப் பெண். நோன்பில்லாதவள்.

"மொதலாளி, ரோட்டு வரைக்கும் மணக்குது. நா கொஞ்சம் நக்கிப் பாக்கட்டுங்களா?"

"நீ தோசைக்குச் சட்னி ருசி பாரு."

"நாக்கு நுனியில வச்சுட்டுத் துப்பிட்டா நோம்பு போகாதுன்னு ஒங்க பள்ளி ஹஸரத்தே சொன்னாருன்னீங்களே. நீங்களாச்சும் பாருங்க."

"அது மூக்கில்லாதவனுக்குச் சென்னது."

கரண்டியைக் கழுவ எடுத்துப்போனவள் சும்மா இருப்பாளா? ஒரு விரல் வழித்து நக்கினாள்.

"சவுக்காரங்க, மொதலாளி."

"நல்ல சவுக்காரம். குளிக்கிற ஆக்களுக்குத்தான் அந்த மணம் தெரியும்."

"குளிக்கத்தானுங்களே அது. திங்கிறதுக்கில்லையே."

அவர் பணிஸ்களில் ஐசிங்கைத் தடவி முடித்தார். பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

மாலைப் பாங்கு சொன்னதும் கடையிலேயே பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்தார். தொழுதுவிட்டு வந்து கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுக்கவும் போன் அடித்தது. பஹ்மா.

"வாப்பா, என்னத்தப் போட்டீங்க? மாமி ஒரு கடி கடிச்சிட்டு எழும்பிப் பெய்த்து வாய் கழுவினா."

"அவக்கு நாக்கில்ல."

"நான் மேல ஈந்தத்தக் கத்தியால சுரண்டி எறிஞ்சிட்டு, பட்டர் பூசிக் குடுத்தன். எல்லாரும் திண்டாங்க. மாமி நாலு திண்டா. மா இப்படி மெத்துண்டு வாரதுக்கு என்ன செய்றீங்கண்டு உங்களுக்கிட்ட கேக்கட்டாம்." சொல்லும்போதே பஹ்மா சிரித்துவிட்டாள். கலியாணத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவர் இப்போதுதான் கேட்கிறார். "நாளைக்கி வெறும் பணிஸ் மட்டும் அனுப்புங்க வாப்பா."

"எண்ட ஐசிங்கச் சுரண்டினவங்களுக்கு நான் ஒண்டும் செல்லிக் குடுக்க மாட்டன்" என்று போனை வைத்தார்.

மேனகா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"நாளைக்கி அந்த வீட்டுக்கு ஐசிங் போடாத" என்றார் ஹாஷிம் நானா. "அவங்களுக்கு அதுட அரும தெரியாது."

"சரிங்க."

அவள் போகவில்லை. மேசையில் மிஞ்சிய ரோஸ் ஐசிங் பணிஸ்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஹாஷிம் நானா ஒன்றை எடுத்து ஒரு கடி கடித்தார். தாடை நின்றது. கண்ணில் நீர் முட்டியது.

"எப்புடிங்க, மொதலாளி?"

அவர் மென்று முழுவதையும் விழுங்கினார். பிறகு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இன்னொன்றைக் கையில் எடுத்தார்.