விசிலாரின் படகுக்கு உறை எடுத்த வரலாறு

என் மனைவியின் அண்ணனை ஊரில் எல்லோரும் விசிலார் என்றே அழைப்பார்கள். பேருந்து நடத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணப்பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். கழுத்தில் தொங்கிய விசிலை மட்டும் கழற்றவில்லை. அவர் மிதவைப் படகுக்கு வாங்கிய மஞ்சள் உறையை நான் எதிர்த்தேன் என்றும், பிறகு அதற்கே உரிமை கொண்டாடினேன் என்றும் எங்கள் உறவினர்களிடையே ஒரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைப் பற்றி இதைப் படிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். ஆதாரங்கள் அனைத்தும் என்னிடம் உள்ளன.

ஓய்வு பெற்ற புதிதில் விசிலார் வீட்டில் இருந்த காலத்தை அவர் மனைவி இன்றும் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. நான் அக்கா என்று அழைக்கும் அவர், பொறுமைக்குப் பெயர் போனவர். அவரே அந்த நாட்களில் இளைத்துப்போனார். விடிவதற்கு முன் எழுந்து, போக வேண்டிய இடம் எதுவும் இல்லாமல், விசிலார் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருப்பார். விருந்தினர் வந்தால் பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்கச் சொல்வார். குளியலறை வாசலில் நின்று, "உள்ள யாரு, எப்ப இறங்குவீங்க?" என்று கேட்பார். ஒரு நாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, அழாத குறையாக, "தம்பி, அவருக்கு ஏதாவது ஒரு வண்டி பாத்துக் குடுங்க. ஓடாத வண்டியா இருந்தாலும் பரவால்ல" என்றார்.

நீர்த்தேக்கத்தின் கரையில் மூடப்பட்ட ஒரு விடுதி, தன் மிதவைப் படகை விற்பனைக்கு வைத்திருந்தது. இரண்டு நீண்ட அலுமினிய உருளைகளின் மேல் ஒரு தட்டையான தளம். சுற்றிலும் இடுப்பளவுக் கம்பி வேலி. மெத்தை தைத்த இருக்கைகள். நான்கு குழாய்களின் மேல் விரித்து மடக்கக்கூடிய நிழற்கூரை. நான் நீரேற்று மோட்டார் பழுது பார்ப்பவன். எந்தப் பள்ளியிலும் அதைக் கற்றதில்லை. கையேடுகளை வாங்கிப் படித்து நானே கற்றுக்கொண்டேன். படகின் இயந்திரத்தையும் அப்படியே படித்துச் சரிசெய்து கொடுத்தேன். விசிலார் அன்றைக்கே மறுபிறவி எடுத்தார். அணைக்கரையிலிருந்து எதிர்க்கரைக் கோபுரம்வரை ஒரு சுற்று. இரண்டு விசில் ஊதினால் படகு புறப்படும். ஒரு விசில் ஊதினால் நிற்க வேண்டும். ஆனால் தண்ணீரில் அது உடனே நிற்பதில்லை என்பதை ஏற்க அவருக்கு ஒரு கோடை பிடித்தது.

முதல் மழைக்காலம் முடிந்ததும் வந்தது வினை. மூடாமல் கிடந்த இருக்கைகளில் பூஞ்சை பிடித்து, வெள்ளை உடை அணிந்து வந்த ஓர் அம்மையாரின் முதுகில் பச்சை நிறம் ஏறிவிட்டது. அவர் நேராக நீர்த்தேக்க அலுவலகத்துக்குப் போனார். ஆய்வாளர் வந்து மெத்தையைத் தூக்கி முகர்ந்து பார்த்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு, அடுத்த மழை முடிந்து வரும்போதும் இதே நிலை என்றால் உரிமம் ரத்து என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. செய்தி கேட்ட அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உரிமம் போனால் விசிலார் வீட்டுக்குத் திரும்பி வருவார்.

ஆகவே படகுக்கு உறை வேண்டும் என்று முடிவாயிற்று. எப்படிப்பட்ட உறை என்று ஆராயும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கடைகடையாக ஏறி இறங்கித் துணித் துண்டுகள் சேகரித்தேன். இறுதியில் இரண்டு தேறின. ஒன்று, லாரிக்குப் போடும் பளபளப்பான தார்ப்பாய். ஒரு சொட்டு நீரும் புகாது, ஒரு துளி காற்றும் புகாது. மற்றொன்று, மழையைத் தடுத்து ஆவியை மட்டும் வெளியே விடும் சாம்பல் நிறத் துணி. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் வெந்நீர் ஊற்றி, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு துணியைக் கட்டி, விசிலாரை அழைத்துக் காட்டினேன். தார்ப்பாயின் உட்புறம் முத்துமுத்தாக வியர்த்திருந்தது. சாம்பல் துணி உலர்ந்தே இருந்தது. உள்ளே தங்கும் ஈரம்தான் பூஞ்சைக்குத் தாய்வீடு, காற்று நுழைய வழி வேண்டும் என்று விளக்கினேன், எழுதியும் கொடுத்தேன்.

விசிலார் இரண்டு குவளைகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மாப்ள, படகுல யாரும் வெந்நீர் வைக்கப் போறதில்ல" என்றார்.

பிறகு அவர் செய்ததை வேறு எந்தப் படகுக்காரரும் செய்திருக்க மாட்டார். துணித் துண்டுகளைப் பயணிகளிடம் சுற்றுக்கு விட்டுக் கை தூக்கச் சொன்னார். வண்டி யாருக்காக ஓடுகிறதோ அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. பயணிகள் துணியை முகத்தில் வைத்துப் பார்த்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள், ஒரு குழந்தை கடித்தும் பார்த்தது. பெருவாரியான கைகள் பளபளப்பான தார்ப்பாய்க்கு, அதிலும் மஞ்சளுக்கு, உயர்ந்தன. சாம்பல் துணிக்கு ஒரே ஒரு கை. அதுவும் என் மனைவியின் கை. வீட்டில் நிம்மதி வேண்டும் என்பதற்காகத் தூக்கியதாக அவளே பின்னர் சொன்னாள்.

அளவெடுக்கும் நாளில் நான் வெளியூரில் ஒரு மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். படகுக்கு உறை போடுவதென்றால் நிழற்கூரையை மடக்கிவிட்டு, கம்பி வேலியின் உயரத்துக்கு அளவெடுத்து, நடுவில் முட்டுக்கால் கொடுப்பதே முறை. தார்ப்பாய் தைப்பவரும் அதைக் கேட்டிருக்கிறார். விசிலார் அவரை ஏற இறங்கப் பார்த்து, "கூரைய மடிச்சு வச்ச பஸ்ஸ எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாராம். தைப்பவர் பாவம், பார்த்ததில்லை. விரித்த கூரையோடு அளவெடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உறை வந்தது. போர்த்தினார்கள். நீரின் மேல் ஒரு மஞ்சள் பேருந்து நின்றது. பையும் கையுமாக இரண்டு பேர் கரைக்கு வந்து, இது எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்டார்கள். விசிலாருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை முதல் காற்றுவரை நிலைத்தது. மழைக்கு முன்னோடியாக அடித்த காற்று அந்த உயர்ந்த மஞ்சள் சுவரில் முழு மூச்சாக மோதியது. உறை ஊதிப் புடைத்தது. கயிறு கட்டுத்தறியிலிருந்து நழுவியது. படகு பக்கவாட்டில் நகர்ந்து, ஆளில்லாமல் எதிர்க்கரையை நோக்கிப் புறப்பட்டது. விசிலார் கரையோரமாக ஓடிக்கொண்டே ஒரு விசில் ஊதினார். நிற்கவில்லை. மறுபடி ஊதினார். மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், "கண்டக்டர் ஏறலீங்க, வண்டிய நிறுத்துங்க" என்று கத்தினார்கள். சிரித்து முடித்த பிறகுதான் இழுத்து வந்து கட்டினார்கள்.

உறையைக் குறைத்துத் தைக்கலாம் என்று அன்று மாலையே சொன்னேன். விசிலார் மூச்சிரைக்கும் நிலையிலும் மறுத்தார். பயணிகள் கை தூக்கித் தேர்ந்ததை வெட்டக் கூடாதாம். மறுபடி காற்றடித்தால் படகு போய்விடும். காற்றுப் போகாவிட்டால் இருக்கை போய்விடும். எது போனாலும் உரிமம் போய்விடும். இதை நான் எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் அசையவில்லை. ஆகவே வேறு வழியில் போனேன். முன்னும் பின்னும் காற்று நுழைந்து வெளியேறத் திறப்புகள் வைத்து, மழை உள்ளே அடிக்காதபடி மேலிருந்து துணி மடல் தொங்கவிடலாம் என்று வரைந்து காட்டினேன். திறப்பு என்ற பேச்சுக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி மச்சான், ஜன்னல்னு வச்சுக்குங்க" என்றேன்.

அவர் வரைபடத்தைக் கையில் வாங்கினார். "அத முதல்லயே சொல்லக் கூடாதா? ஜன்னல் இல்லாம வண்டி எப்படி?" என்றார்.

தார்ப்பாய் தைப்பவர் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார். மழைக்காலம் முழுவதும் காற்று முன் ஜன்னலில் ஏறிப் பின் ஜன்னலில் இறங்கியது. படகு இருந்த இடத்தில் இருந்தது.

மழை நின்றதும் ஆய்வாளர் வந்தார். அக்காவும் வந்திருந்தார், அதற்கு முன் அவர் அணைக்கரைக்கு வந்ததே இல்லை. ஆய்வாளர் ஒவ்வொரு மெத்தையாகத் தூக்கினார். இடுக்கில் கையை முழங்கைவரை விட்டு எடுத்து முகர்ந்தார். அக்கா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார். ஆய்வாளர் கையைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, துடைக்க ஈரமில்லை. உரிமத்தில் கையெழுத்திட்டுவிட்டு, உறையை அண்ணாந்து பார்த்து, இந்தக் காற்று வழி யாருடைய யோசனை என்று கேட்டார்.

என் வரைபடம் தேதியோடு என் கையில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் விசிலார் முந்திக்கொண்டார். "பயணிகளெல்லாம் சேந்து எடுத்த முடிவுங்க சார்."

திரும்பி வரும் வழியில் இது நியாயமா என்று கேட்டேன். அவர் என் தோளில் கை போட்டு, "மாப்ள, டிரைவர் பேரக் கேட்டுக்கிட்டா ஜனங்க பஸ்ல ஏறுறாங்க? போய்ச் சேந்தாங்களா, இல்லையா?" என்றார். வீட்டுக்கு வந்ததும் அதையும் தேதி போட்டு எழுதிவைத்தேன்.

அக்காவிடமாவது உண்மையை நிலைநாட்டலாம் என்று மறுநாள் விடியற்காலையிலேயே வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். விசிலார் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா தெருக்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். என் தாளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். விசிலார் படியிறங்கி, தெருமுனையில் திரும்பி மறையும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "உக்காருங்க தம்பி. இப்ப நிதானமாச் சொல்லுங்க, கேக்குறேன்" என்றார்.