ஈரக் கிளவுஸும் வடக்குக் கோடும்

போன வாரம் தொலைக்காட்சியில் ஒரு நிமிடச் செய்தி. ரஷ்யா தன் துருவப் பகுதி இதுவரைதான் என்று வரைந்து வைத்திருந்த கோட்டைக் கொஞ்சம் தெற்கே இறக்கி, இன்னும் சில ஊர்களை உள்ளே சேர்த்துக்கொண்டதாம். துறைமுகம், சாலை, சலுகை என்று ஏதேதோ சொன்னார்கள். நமக்கென்ன வந்தது என்றுதான் நீங்களும் கேட்பீர்கள். ஆனால் அதில் ஓர் ஊரின் பெயர் காதில் விழுந்ததும், ஈரத் தோல் சூடேறும் வாடை என் மூக்கில் அடித்தது. கையில் இருந்த காபியை மறந்துபோனேன்.

அது ஃபஹாஹீல் வாடை. இரண்டாயிரங்களின் நடுவில், குவைத்தின் அந்தக் கடற்கரை ஊரில் ஓர் இரும்பு யார்டில் நான் ஸ்டோர் கீப்பர். ஸ்டோர் கீப்பர் என்றால் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிறவன் என்று பொருள். வெளியில் நிற்பவர்கள் பாடுதான் பாடு. கோடையில் குழாயைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும். அதனால் குழாயைத் தூக்குமுன் தோல் கிளவுஸோடு கையைத் தண்ணீர் டிரம்மில் முக்கி எடுப்பார்கள். யாரும் யோசித்துச் செய்வதில்லை. சாப்பிடுமுன் இலையில் தண்ணீர் தெளிக்கிறோமே, அப்படி.

ஐம்பது டிகிரியைத் தொட்டால் வேலையை நிறுத்த வேண்டும் என்று நாங்கள் தங்கியிருந்த கேம்பில் ஒரு பேச்சு உண்டு. ரேடியோவில் சொல்லும் வெயிலோ நாற்பத்தொன்பதோடு நின்றுவிடும்.

"விசா குடுத்த கஃபீலுக்கு சூரியனே பயப்புடுது மாப்ள" என்பான் செல்வம்.

செல்வம் என் ரூம்காரன். அரியலூர்ப் பக்கம். பைப் வெல்டர். யார்டில் அவன் கைக்கு ஒரு மரியாதை இருந்தது. அந்த வருடம் நாங்கள் செய்துகொண்டிருந்தது ரஷ்யாவின் வடக்கே வரப்போகும் ஒரு துறைமுகத்துக்கான, இரும்புச் சட்டத்தில் குழாய்களைக் கோத்த கூடுகள். வெயிலில் வெந்தபடி பனிக்கு வேலை பார்த்தோம். கூடுகள் கப்பலேறும்போது, அங்கே பொருத்துவதற்கு நான்கைந்து பேரையும் அனுப்புவதாக முடிவானது. செல்வத்தையும் எடுத்தார்கள். அவன் பயப்படவில்லை. பயந்தது நான்.

யார்டுக்கு வந்திருந்த ரஷ்ய இன்ஜினியர் யூரி, டீ நேரத்தில் ஸ்டோருக்கு வருவார். அந்த ஊர் எப்படி என்று கேட்டேன். மேசையில் வரைபடத்தை விரித்தார். குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. எனக்கும் அவருக்கும் பொதுவான அரைகுறை ஆங்கிலத்தில் அவர் சொன்னது இது: கோட்டுக்கு வடக்கே இருந்தால்தான் அரசாங்கம் அதைத் துருவம் என்று ஒத்துக்கொள்ளும், அங்கே குளிர் மிஞ்சினால் வேலை நிற்கும், சைட்டிலேயே சூடேற்றிய அறை இருக்கும்.

செல்வம் போகும் ஊரில் பென்சிலை வைத்தார். கோட்டை ஒட்டி, கீழே.

"அங்கே குளிர் குறைவா?"

"குளிர் அதேதான். கோடு தலைநகரத்தில் போட்டது. அங்கே வேலையை நிறுத்துவது ஃபோர்மேன் இஷ்டம்."

நேரே செல்வத்திடம் போனேன்.

"போகாதடா. அவங்க கணக்குல அது குளுரு ஊரே இல்லயாம்."

"இங்க நாப்பத்தொம்பதுல வேகலயா? அங்க முடிச்சா நேரா ஊருக்கு லீவு குடுக்குறான் மாப்ள."

"சரி, ஒண்ணு மட்டும் கேளு. கிளவுஸ நனைச்சுடாத."

"பனியில எவனாவது கைய நனைப்பானா? நான் என்ன லூசா?"

சிரித்துக்கொண்டே திரும்பியவன், டிரம்மில் கையை முக்கிவிட்டுக் குழாயைத் தூக்கினான். அதை நான் பார்த்திருக்கவே வேண்டாம்.

அவன் அங்கே போன பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வந்தது. மீனும் ரொட்டியும் தின்று அலுத்துவிட்டது என்பான். "கை?" என்று கேட்பேன். "இருக்குது" என்பான். பனி இறுகிய பிறகு ஒரு வெள்ளி போன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. யூரியைக் கேட்டால் லைன் சரியில்லை என்றார். ரூமில் யாரும் செல்வத்தின் கட்டிலில் உட்காரவில்லை.

ஒருவழியாக அவனே கூப்பிட்டான்.

"ஃபோர்மேன் நிறுத்தல மாப்ள. சாமான் கழுவ வெந்நி டிரம்மு வெச்சிருந்தாங்க. அத தாண்டித்தான் பைப்புகிட்ட போவணும். ஒன் பேச்சு மண்டையிலதான் இருந்துச்சு. கைக்குத் தெரியல. தானா முக்கிடுச்சு."

நனைந்த கிளவுஸ் விரலோடும் குழாயோடும் சேர்ந்து உறைந்துவிட்டது. சூடான அறை, கோட்டுக்கு அந்தப் பக்கத்துச் சைட்டில்தான் இருந்தது. வண்டி பிடித்துக் கொண்டுபோவதற்குள் வலது கையில் இரண்டு விரல்கள் செத்துவிட்டன. அவன் வேலை பார்த்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே வெட்டி எடுத்தார்கள். ஊருக்கு லீவு கிடைத்தது. வெல்டிங் போனது.

அந்த யார்டு இப்போது இல்லை. அங்கே கார் நிறுத்துகிறார்களாம். யூரி எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அரியலூரில் சிமெண்ட் லாரிகள் நிற்கும் இடத்தில் செல்வம் டீக்கடை வைத்திருக்கிறான். இடது கையால் ஆற்றுவான். போன வாரம் அந்தச் செய்தி முடிந்ததும் அவனைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம ஊரு உள்ள வந்துடுச்சா?"

அந்தப் பனி ஊரை நம்ம ஊர் என்றான்.

"வந்துடுச்சு."

"அப்ப என் ரெண்டு வெரலும் இப்பத்தான் துருவத்துல கெடக்குன்னு சொல்லு" என்றான். யாரோ டீ கேட்டார்கள். போனை வைத்துவிட்டான்.