பழுப்பு வரவில்லை

இசக்கிசெல்வி வலியை வெளியே சொல்லுகிற ஜாதி இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து கல்யாணமாகி மலையாளச் சீமையில் ஆரியசாலைக்கு, எனக்கு அடுத்த வீட்டுக்கு வந்தவள். புருஷன் வன்னியராஜ் மொத்தக்கடையில் மூட்டை இறக்குகிறவன்.

மாசமாக இருந்தபோதே கர்ப்பப்பையில் மாங்காய் அளவு கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. ஒருதடவை வலியில் சுருண்டே போனாள். அப்புறம் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்ததும் கட்டியை எல்லோரும் மறந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல். பால் கட்டியிருக்கும் என்று வன்னியராஜ் மாத்திரை வாங்கிக் கொடுத்தான். காய்ச்சல் இறங்கும், மறுபடி ஏறும். ஒரு காலையில் கஞ்சி கொண்டுபோனேன். சாம்பிராணிப் புகையையும் மீறி வாசலிலேயே வாடை அடித்தது. உள்ளே அவள் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். அடிவயிற்றைத் தொடவிடவில்லை.

"ஏட்டி, என்ன நாத்தம் இது? எலி செத்த மாதிரி?"

"தீட்டுதான் பெரியம்மா. பழுப்பு வந்தா ஒடனே வரணும்னு டாக்டரு சொன்னாவ. நானும் தெனமும் பாக்கேன். பழுப்பா வரல, மஞ்சளாத்தான் வருது."

புருஷன் போனபிறகு சாலைக் கடைத்தெருவில் வெற்றிலை விற்றே மலையாளம் படித்தவள் நான்.

"அடி கூறுகெட்டவளே! இங்க பழுப்புன்னா சீழுட்டீ! நெறமில்ல!"

ஆட்டோ குழியில் இறங்கும்போதெல்லாம் அலறினாள். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த டாக்டர் ஷீனா மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள்.

"கட்டிக்குள்ள முழுக்கப் பழுப்பு. இனி மருந்து மாத்திரம் போரா, இப்பவே ஆபரேஷன் வேணும். கட்டிய மட்டும் எடுக்கத்தான் நோக்குவோம். ரத்தம் நிக்கலைன்னா கர்ப்பபாத்திரமும் எடுக்கணும்."

வன்னியராஜ் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். "ஒத்தப் பொட்டப்புள்ளதான டாக்டர்... ஊர்ல அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"ஏல, வெந்துகிட்டு கெடக்கது ஒங்கம்மா வயிறா? நீ போன் பேசி முடிக்கதுக்குள்ள இவ போயிருவா," என்றேன் நான்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த செல்வி டாக்டரிடம் கையை நீட்டினாள். "அவுககிட்ட என்ன கேக்கிய? நான்லா சாவப்போறேன். பேனாவத் தாங்க டாக்டர்."

கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷன் அறைக் கதவைச் சாத்தினார்கள். பசித்த பிள்ளை என் சேலையைச் சப்பிச் சப்பி அழுதது. அவன் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

ஷீனா வெளியே வந்தபோது மதியம் தாண்டிவிட்டது.

"கர்ப்பபாத்திரம் போச்சு. ஆளு தப்பிச்சாச்சு."

வன்னியராஜ் தரையில் குந்தி அழுதான். பிறக்காத பையனுக்கா, பிழைத்த பெண்டாட்டிக்கா என்று நான் கேட்கவில்லை.

"மூக்கச் சிந்திட்டு எந்திரில," என்றேன். "கண்ணு முழிக்கும்போது அவ மொதல்ல ஒன் மூஞ்சியப் பாக்கணும்."