இரண்டாவது கியர் விழும் இடம்

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவனுக்கு இயந்திரமும் தெரியும் என்றொரு நம்பிக்கை அங்கே உலவியது. அதைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு சனிக்கிழமை, மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ஒருவர் அட்டைப்பெட்டியோடு என் மேஜை முன் வந்து நின்றதற்கு அந்த நம்பிக்கைதான் காரணம்.

பெட்டிக்குள் ரிமோட்டில் ஓடும் வண்டி. முழ நீளம், பருத்த நான்கு டயர், மேடு பள்ளம் பார்க்காமல் ஏறி இறங்குகிற ஜாதி. பேட்டரிப் பொம்மை இல்லை. உள்ளே நிஜமான எஞ்சின். சிங்கப்பூரில் வெல்டராக இருந்த அவர் மகன் வாங்கி வந்தது. லீவில் வரும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பேட்டையின் காலி மனையில் ஓட்டுவான். இவர் ஓரமாகக் குந்திக் கேட்பார். பார்ப்பார் என்று எழுதவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து எந்த பேரிங் போயிற்று என்று சொல்லிவிடும் மனிதர் அவர். அந்த மகன் எட்டு மாதம் முன்பு, சிங்கப்பூரிலேயே ஒரு சாலை விபத்தில் இறந்துபோனான்.

"நைனா ஓட்டுன மாதிரி ஒருவாட்டி ஓடணும் சார்," என்றார். மகனை எப்போதும் நைனா என்றுதான் சொல்வார். "செகண்டு விழற சத்தம் ஒண்ணு வரும். அத்த கேக்கணும். பொஸ்தகம் இங்கிலீஷ்ல கீது."

வண்டியையும் புத்தகத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய் வரி விடாமல் படித்தேன். கியர் மாற்ற ரிமோட்டில் பொத்தான் கிடையாது, வண்டியே மாற்றிக்கொள்ளும். கிளம்பும்போது முதல் கியர்தான் சக்கரங்களுக்குப் போகும் தண்டை இழுக்கிறது. இரண்டாவது பக்கத்தில் சும்மா சுழல்கிறது. தண்டின் மேல் ஸ்பிரிங் பிடித்துவைத்த குட்டி எடைகள் இருக்கின்றன. வேகம் ஏற ஏற, பஸ் திரும்பும்போது நாம் ஓரத்துக்குச் சாய்வதுபோல அவை வெளிப்பக்கம் விலகி, ஒரு கட்டத்தில் இரண்டாவது கியரின் உட்சுவரைக் கவ்விக்கொள்ளும். தண்டு இப்போது முதல் கியரை முந்திச் சுழலும். இறக்கத்தில் பெடலை மிதிக்காமலே சைக்கிள் போகுமே, அதேபோல முதல் கியர் பிடியை விட்டுவிடும். எஞ்சினின் அலறல் சட்டென்று ஒரு படி இறங்கும். அவர் கேட்க விரும்பியது அந்தப் படியை.

எந்த வேகத்தில் கவ்வ வேண்டும் என்பதைக் கடுகளவு ஸ்க்ரூ ஒன்று தீர்மானிக்கிறது. முறுக்கினால் ஸ்பிரிங் இறுகி, கியர் தாமதமாக விழும்; தளர்த்தினால் சீக்கிரம். புத்தகத்தில், வண்டியைத் தயாரித்த கம்பெனியின் அளவு என்று ஒன்று அச்சிட்டிருந்தார்கள். அச்சில் இருப்பதை நம்பும் நோய் எனக்குச் சிறுவயது முதல் உண்டு. அலன் கீயை எடுத்து ஸ்க்ரூவை அந்த அளவுக்குத் திருப்பிவைத்தேன்.

மறுநாள் காலை, அவர் ஓரமாகக் குந்தியிருக்க, காலி மனையில் கிளப்பினேன். முதல் விளக்குக் கம்பம் வருவதற்குள் சத்தம் இறங்கிவிட்டது. அவர் எழுந்து வந்தார்.

"ஸ்க்ரூவ தொட்டியா சார்?"

"கொஞ்சம் திருப்பினேன்."

"எவ்ளோ?"

கால் சுற்றா, அரைச் சுற்றா, எனக்கு ஞாபகம் இல்லை.

"மார்க் போட்டுக்கினியா?"

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு சாக்பீஸ் கோடு, இல்லாவிட்டால் பஞ்ச் என்கிற கூர் உளியால் தட்டிய ஒரு புள்ளி: ஃபிட்டர்கள் மூடியின் போல்ட்டைக்கூட அது இல்லாமல் கழற்றமாட்டார்கள். அந்த சாக்பீஸை சீட்டுப் போட்டுக் கொடுப்பவனே நான்தான். அவர் மகன் தன் கையால் வைத்துவிட்டுப் போன அளவு, சனிக்கிழமை சாயங்காலம் வரை அந்த வண்டியில் இருந்தது.

"கம்பெனில செஞ்சிருந்தா உனுக்கு மெமோ சார்," என்றார். சிரிக்க முயன்றார். நான் முயலவில்லை.

எரிபொருள் அரை கேன்தான் இருந்தது. அது ஊரில் கிடைக்கிற பெட்ரோல் இல்லை. மகன் தேடிப்பிடித்து வாங்கிவைத்தது. அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். அரைக்கால் சுற்று முறுக்குவேன், ஓட்டுவேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். "இல்ல." மறுபடி முறுக்குவேன். "இது இன்னா, ஆடு கத்தற மாதிரி." மறுபடி. "கிட்ட வந்துச்சு... இல்ல சார்."

எந்த இடத்தில் விழும் என்று கேட்டேன்.

"ரெண்டாவது கம்பம் தாண்டி." உடனே தயங்கினார். "ஆனா எங்க நின்னு கிளப்புவான்?" மனையில் பத்தடி முன்னால் போய் நின்றார், பிறகு பக்கவாட்டில் நகர்ந்தார், பிறகு அப்படியே குந்திவிட்டார். "அவன் வெரலு மெதுவா அமுக்குமா, ஒரே அமுக்கா அமுக்குமான்னு நான் பாக்கவே இல்ல சார். சத்தத்தையே கேட்டுக்கினு இருந்துட்டேன்."

விரல் மாறினால் கியர் விழும் இடமும் மாறும். ஸ்க்ரூவை நான் தொடாமலே இருந்திருந்தாலும், என் விரல் அந்தச் சத்தத்தைக் கொடுத்திருக்காது. அது என் குற்றத்தைக் குறைக்கும் நியாயம்போல இருந்ததால், மறுபடி ஸ்க்ரூவுக்கே திரும்பினேன்.

கேனில் கடைசியாக ஒரு டேங்க் மிஞ்சியது. ஊற்றி, அலன் கீயைக் கையில் எடுத்தேன்.

"வுட்ரு சார். அத்த இப்டி குடு."

கீயை நீட்டினேன். அவர் கேட்டது ரிமோட்டை. அவர் அதைப் பிடித்து நான் பார்த்ததில்லை; வெல்டிங் டார்ச்சைப் போல இரண்டு கையாலும் பிடித்தார். வண்டி முதலில் என் காலைத் தேடி வந்தது. பிறகு நேராகி, அலறிக்கொண்டே இரண்டு கம்பத்தையும் தாண்டி, எங்கேயோ ஓர் இடத்தில் குரல் இறங்கியது. திருப்பிக் கொண்டுவந்தார். மறுபடி விட்டார். இந்த முறை வேறிடத்தில் விழுந்தது. அவர் கண்ணை மூடவில்லை.

"இப்போ சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"இது நான் ஓட்டுறது சார்."

டேங்க் தீர்ந்து வண்டி மனையின் நடுவில் நின்றது. எடுத்துவர அவர் தனியாக நடந்து போனார். நான் கூடப் போகவில்லை.