மீசையை எடுக்கவா, வேண்டாமா?

என் வீட்டுக்காரருக்கு நரம்பு நோய் முற்றி, கழுத்தில் துளையிட்டு வைத்த குழாய் வழியாகத்தான் மூச்சு. பேச்சு இல்லை. கண் இமைதான் பேசும்.

குழாய்க்குள் ஒரு முடி போனாலும் ஆபத்து. அதனால் நான் ரேசரைத் தொடுவதில்லை. கோவில்பட்டியில் கூப்பிட்ட இரண்டு சலூன்காரர்களும் குழாயைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

இன்று காலை கயத்தாறிலிருந்து முருகன் என்பவர் பையோடு பஸ் ஏறி வந்தார்.

"எங்கன முடி விழக்கூடாதுன்னு மட்டும் சொல்லுங்கக்கா."

காட்டினேன். குழாயின் வாயை மூடாமல் சுற்றிலும் ஈரத்துணி வைத்தார். நுரை போடவில்லை. தாடியை வெந்நீரில் நனைத்து, கத்தியின் ஒவ்வொரு இழுப்புக்கும் முடியை ஒற்றி எடுத்தார்.

பாதியில் இவருக்கு இருமல் வந்தது. முருகன் கத்தியை மடக்கினார்.

"நீங்க பாருங்கக்கா. எனக்கு ஒரு அவசரமுமில்ல."

மிஷினை வைத்து நான் சளியை உறிஞ்சி எடுக்கும்வரை முருகன் இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சத்தத்துக்கு முகம் சுளிக்காத ஒருவரைப் பார்த்து எத்தனையோ நாளாகிறது.

"மீசையையும் எடுத்திருங்க, துடைக்க லேசா இருக்கும்" என்றேன்.

முருகன் இவரிடம் குனிந்தார். "அண்ணாச்சி, மீசை இருக்கட்டும்னா கண்ண மூடுங்க."

இவர் உடனே, அழுத்தமாக மூடினார்.

முருகன் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். இவர் தன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். எனக்குத்தான் கண் கலங்கியது.

"அடுத்த மாசமும் வாரேன்க்கா."

முருகன் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் மீசை விஷயத்தில் பொண்டாட்டிக்கு ஓட்டே கிடையாதாம். உங்கள் வீட்டில் எப்படி?