நான் வாசிக்காத வரி

எங்கள் ஊருக்குப் பிரிகிற மண் பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. கரியாலூரைத் தாண்டி, ஓடையைக் கடந்ததும் வரும். அந்த இடத்தில் பாதை சட்டென்று செங்குத்தாக எழும்பும். வண்டி ஓட்டுகிற ஆண் எதுவும் சொல்ல மாட்டார். எஞ்சின் திணறத் தொடங்கியதும் பின்னால் இருக்கும் பெண் தானாகவே இறங்கிவிடுவாள். டேங்கின் மேல் கட்டிய மரவள்ளி மூட்டை இறங்காது. அவள் நடந்து மேலே போய்ச் சேரும்வரை வண்டி உறுமிக்கொண்டு காத்திருக்கும்.

அம்மா அப்படித்தான் ஏறினாள். விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் புத்தகப் பையோடு நானும் ஏறினேன். "நூறு சிசி இன்னா பண்ணும், பாவம்" என்று அப்பா வண்டிக்காக வருத்தப்படுவார். கம்மி சிசி என்றால் நான் இறங்க வேண்டும் என்பது சின்ன வயதிலேயே எனக்குள் பதிந்துவிட்டது. என் தவறுக்கு இந்த வளைவைத்தான் காரணமாகச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வளைவு பாதிக் காரணம். மீதி நான்.

எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துப் படித்தவள் நான். வெள்ளிமலையில் பள்ளி, கள்ளக்குறிச்சியில் பி.காம். ரேஷன் கடைச் செய்தி, பட்டா, மாத்திரை அட்டை, விதைப் பாக்கெட்டின் முதுகு என்று வீட்டுக்கு வந்த எழுத்தெல்லாம் என் வாய் வழியாகத்தான் வந்தது. காகிதத்தை என்னிடம் தரும்போது அப்பா இரண்டு கையாலும் நீட்டுவார். அதை அவர் உணர்ந்து செய்தாரா என்று தெரியாது. நான் ஒவ்வொரு முறையும் உணர்ந்தேன்.

படித்து முடித்து இரண்டு வருடம் வேலை இல்லை. அம்மாவோடு மரவள்ளி பிடுங்கப் போனேன். பக்கத்துக் காட்டுக்காரி வரப்பில் நின்று கேட்பாள்: "காலேஜு புடுங்குன கெழங்கு இன்னா, சட்டுனு வெந்துடுமா?" எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல் மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருப்பார். எனக்கு ஒரு வேலை கிடைத்தால் அந்தச் சிரிப்பு நிற்கும். படிக்க வைத்தது வீண் இல்லை என்று அப்பாவின் முகத்தில் ஒரு முறையாவது பார்த்துவிடலாம். அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

அப்போதுதான் அருவிக்குப் போகும் வழியில், பாறையாகக் கிடந்த நிலத்தைக் கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலா வருகிறவர்களுக்காக டிரையல்ஸ் வண்டி ஓட்டும் திடல் தொடங்கினார். டிரையல்ஸ் என்பது வேகப் போட்டி அல்ல. நின்றபடியே, நடக்கும் வேகத்தில், பாறைமேல் ஏறி இறங்க வேண்டும். கால் தரையில் படக் கூடாது. பட்டால் புள்ளி போகும். வரும் பெண்களுக்குக் கற்றுத்தர மலையிலிருந்தே ஒரு பெண் பயிற்சியாளர் வேண்டும் என்றார் அவர். இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். மூன்று மாதம் பழக வேண்டும். கடைசி நாளில் பத்துப் பாறையையும் கடக்கும்போது யார் கால் குறைவாகப் படுகிறதோ, வேலை அவளுக்கு.

ஒருத்தி நான். இன்னொருத்தி பக்கத்து ஊர்க்காரி, என்னைவிட மூன்று வயது சின்னவள், எட்டாவதோடு நின்றவள். அவளைப் பார்த்ததும் வேலை எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

வண்டி தேர்ந்தெடுக்கும் நாளில் அப்பாவும் வந்திருந்தார். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பி வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே மூன்று வண்டிகள் வரிசையாக நின்றன. நூற்றிருபத்தைந்து, இருநூற்றைம்பது, முந்நூறு சிசி. எதிலும் சீட் இல்லை.

"பின்னாடி ஆளு எங்கம்மா ஒக்காரும்?" என்றார் அப்பா.

"ஆளு ஒக்காராதுப்பா. ஒருத்தர்தான்."

"அப்ப மூட்டை?"

"மூட்டையும் ஏத்த மாட்டாங்க."

"அப்பறம் எதுக்கு மலை ஏறுது இது?" என்று அவர் உண்மையாகவே கேட்டார். பக்கத்து ஊர்க்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒவ்வொரு வண்டியின் ஹேண்டிலிலும் ஆங்கிலத்தில் ஒரு காகிதம் தொங்கியது. திடல்காரர் என்னைப் பார்த்து, "நீ படிச்ச பொண்ணுதானே? அவளுக்கும் படிச்சுச் சொல்லும்மா. ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று போனார்.

நான் உரக்க வாசித்தேன், வேலிக்கு வெளியேயும் கேட்கிற மாதிரி. எடையில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பவரில்தான் வித்தியாசம். ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும், அந்த வண்டி யாருக்கு ஏற்றது என்று ஒரு வரி இருந்தது. நூற்றிருபத்தைந்து, புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும். அதை வாசித்தேன். இருநூற்றைம்பது, ஓரளவு பழகியவர்களுக்கு. அதையும் வாசித்தேன். முந்நூறில் எழுதியிருந்தது: அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும், புதியவர்களுக்கு ஏற்றதல்ல.

அந்த வரியை என் கண் வாசித்தது. வாய் வாசிக்கவில்லை. என் எடை நாற்பத்து நான்கு கிலோ. அதற்கு முன் அப்பாவின் வண்டியைத் தள்ளியிருக்கிறேனே தவிர, ஓட்டியதுகூட இல்லை.

"நான் எதக்கா எடுக்கறது?" என்று கேட்டாள் அவள்.

"உனக்கு நூத்தி இருவத்தஞ்சு போதும்."

"அது ஏறுமா? நூறு சிசியே நம்ம வளைவுல மூச்சு வாங்குது."

"உனக்கு ஏறும்."

வேலிக்கு வெளியிலிருந்து அப்பா, "நீ பெருசா பாத்து எடும்மா. எறங்கி நடக்க வுடாத வண்டியா எடு" என்றார்.

திரும்பி வந்த திடல்காரர் என் கை முந்நூறின் மேல் இருப்பதைப் பார்த்தார். "இதுவா? காயிதத்தைப் படிச்சியா?"

"படிச்சேன் சார்."

"முழுசாவா?"

"முழுசா."

அவர் அந்த வண்டியின் ஹேண்டிலைப் பிடித்து என் பக்கம் திருப்பினார். "பவர் ஜாஸ்தி. சரி, உன் இஷ்டம். ஒண்ணு சொல்லிடறேன். ஹேண்டில், லிவர் எல்லாம் உன் கைக்கு ஏத்த மாதிரி வச்சிடுவேன். அப்பறம் மாத்திக் குடுன்னு வந்து நிக்கக் கூடாது."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில், நான் பல வருடங்களாகப் பார்க்க விரும்பியது இருந்தது.

முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முந்நூறு சிசிக்கு மெதுவாகப் போகத் தெரியாமல் இல்லை. அதை மெதுவாக வைத்திருக்கத் தெரிந்த கை வேண்டும். ஆக்சிலேட்டரை நூலளவு திருப்பினால் வண்டி முன்னால் பாயும். அது பாய்ந்தால் என் உடம்பு பின்னால் போகும். உடம்பு பின்னால் போனால், பிடித்திருக்கும் கை தானாகவே இன்னும் முறுக்கும். விழுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் நானே அதை இன்னும் வேகமாக விரட்டினேன். நூற்றிருபத்தைந்தில் அந்தப் பெண் பாறைமேல் ஊர்ந்துகொண்டிருந்தாள். நின்று, யோசித்து, மறுபடி நகர்வாள்.

ஒரு நாள் என் முழங்கையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினாள். "யக்கா, இத ஒரு தபா ஓட்டிப் பாரேன். அது உன்ன இழுத்துக்கினு போவுது. இது சொன்னா கேக்குது."

"உன் வேலையப் பாரு."

"இல்லக்கா, சார்கிட்ட நான் வேணா கேக்கறேன். மாத்திக் குடுப்பாரு."

"எனக்காக நீ கேக்கறியா?" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

மாற்றித் தந்திருப்பார். அவர் அவ்வளவு கடினமான ஆள் இல்லை. ஆனால் கேட்டால், காகிதத்தில் என்ன இருந்தது என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்து தினமும் முந்நூறின்மேல் ஏறி நின்றேன்.

இரண்டாம் மாதம், ஐந்தாவது பாறையில், வண்டி என்னை விட்டுவிட்டு மேலே போனது. நான் இடது கையை ஊன்றி விழுந்தேன். விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்காக மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு இழுபட்டு, வண்டி நின்றது. அந்த அமைதியில்தான் உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கு நினைவு வந்தது. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்ன எலும்பு. மெதுவாகத்தான் சேரும், சேராமலும் போகலாம் என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கிளட்ச் பிடிக்கிற கை. வேலை அன்றே முடிந்துவிட்டது.

மாவுக்கட்டோடு பஸ்ஸில் கரியாலூர் வந்து, அங்கிருந்து அப்பாவின் வண்டியில் வந்தேன். ஓடையைத் தாண்டியதும் எஞ்சின் திணறியது. நான் இறங்கினேன். கட்டிய கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் நடந்தேன். மேலே அவர் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த வளைவில் அவர் வண்டியை அணைத்து நான் பார்த்ததே இல்லை.

"அந்தக் காயிதத்துல இன்னாம்மா எழுதியிருந்துச்சு?" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எங்கள் இருவரைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"புதுசா ஓட்டறவங்களும் அந்தப் பெரிய வண்டிய எடுக்கலாம்னு எழுதியிருந்துச்சுப்பா" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "அப்ப எழுதினவன் பொய்யன். படிக்கற புள்ளைய ஏமாத்தியிருக்கான்" என்று சொல்லி வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

மறுநாள் காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் திடலுக்குப் போயிருக்கிறார், நியாயம் கேட்க. மதியம் திரும்பி வந்தவர் கை கழுவி, சாப்பிட்டு, காட்டுக்குப் போய்விட்டார். என்ன நடந்தது என்று அந்தப் பெண்தான் பிறகு வந்து சொன்னாள். அப்பா சத்தம் போட்டாராம். திடல்காரர் காகிதத்தை அவிழ்த்துக்கொண்டு வந்து, அந்த வரியின் கீழே விரலை வைத்து, வார்த்தை வார்த்தையாகத் தமிழில் சொன்னாராம். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தாராம். கடைசியில், "இன்னொரு தபா சொல்லுங்க" என்றாராம்.

அவள் போகும்போது வாசலில் நின்றாள். "அதுல 'நாட்'னு, இல்லைங்கற இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணு இருந்தது எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுதுக்கா. நீ காலேஜு படிச்சவ, உனக்குத் தெரியாதான்னு வுட்டுட்டேன்."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

வேலை அவளுக்குப் போனது. கடைசி நாளில் பத்துப் பாறையில் அவள் கால் இரண்டு முறைதான் பட்டதாம். என் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு பாதிக்கு மேல் மடங்குவதில்லை. கிழங்கு பிடுங்கவும் அந்தக் கை உதவாது. இப்போது வரப்பில் நின்று யாரும் கேலி பேசுவதில்லை. அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும் போலத்தான் பேசுகிறார். போன வாரம் என்னால் போக முடியாததால் அவரே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்கி வந்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்தபோது அது நான்காக மடிந்து, ஓரத்தில் டீக் கறையோடு இருந்தது.

"மருந்துக் கடையில காட்டிட்டேன்மா. வர்ற மாசம் கைய மறுபடியும் எக்ஸ்ரே படம் எடுக்கணுமாம். ராத்திரி மாத்திரைய நிறுத்திடலாமாம்" என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். ஒரு கையால்.

நான் வாங்கி வாசித்தேன். அவர் சொன்னதுதான் எழுதியிருந்தது.